சைக்கிள் கடைக்காரரின் சீனம்

டிசம்பர் 8, ஞாயிறு

குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. வருகிறேன் என்ற ஆள் வரவில்லை.

மத்தியானம் வாணி சிரம்பானிலிருந்து வந்தாள். மீன்குழம்பு நன்றாக இருக்கிறது என்று இரண்டு தரம் சொன்னபோதே எனக்குச் சந்தேகம். தட்டைக் கழுவும் சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். லிம் சைக்கிள் கடைக்காரர் மகன் ஹான் செங்கைக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் மருந்தாளர்கள். பையனை எனக்குத் தெரியும். ஆகஸ்டில் இவள் அப்பா தவறியபோது வந்து நாற்காலி அடுக்கி, கடைசிவரை நின்றவன். அவன் அப்பாதான் வரவில்லை. எங்கள் பகாவ் என்ன பெரிய பட்டணமா? கடையிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் தூரம்.

நான் கத்துவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் கத்தவில்லை.

"அவங்கப்பா இந்த வீட்டு வாசப்படி ஏறி வந்து பொண்ணு கேக்கணும். அதுக்கப்புறம் பாக்கலாம்" என்றேன்.

"அங்கிளுக்குத் தமிழ் தெரியாதும்மா. மலாயே தட்டுத்தடுமாறித்தான்."

"எனக்குச் சீனம் தெரியும்ல."

சும்மா சொல்லவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டே தலை நரைத்தவள் நான். எண்ணைச் சொல்லும்போதே எதிர்முனையில் இருப்பது ஹொக்கியனா, கேன்டனீஸா, ஹக்காவா, தியோச்சூவா, ஹைனானா என்று சொல்லிவிடுவேன். ஹொக்கியன் பேசவும் வரும். லோகநாயகி காதுக்குத் தப்பிய சீனம் இல்லை என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார்.

டிசம்பர் 11, புதன்

குழாய்க்காரன் வந்தான். வாஷர் தேய்ந்துவிட்டதாம்.

வாணி அப்பாவுடைய பச்சை சைக்கிளைப் பற்றி போலீஸ் நிலையத்தில் மறுபடி கேட்டேன். தகவல் இல்லை. காப்பிக்கடையில் மயங்கி விழுந்த மனிதரைத் தூக்கிக்கொண்டு ஓடிய நேரத்தில் எவனோ அதை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். கட்டையில் போறவன், நல்லா இருக்கட்டும்.

டிசம்பர் 15, ஞாயிறு

லிம் கடைக்கு அடுத்தது நம்மவர் பூக்கடை. சாமிக்கு ஒரு முழம் வாங்கப் போனவள் கொஞ்ச நேரம் நின்றேன். ஒட்டுக்கேட்கவில்லை. அவர் தொலைபேசியில் யாரிடமோ டயர் அளவுகளைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். கத்தினால் காதில் விழத்தானே செய்யும்?

வீட்டுக்கு வந்ததும் குழப்பம். இந்த மனிதர் பேசுவது எனக்குத் தெரிந்த ஐந்து சீனத்தில் எதிலும் சேரவில்லை. ஆறு என்பதற்கு ஹொக்கியனில் "லாக்". கடைசியில் தொண்டை மூட வேண்டும். பத்துக்கு "சாப்", உதடு ஒட்ட வேண்டும். இவருக்கு இரண்டும் தொண்டைக்குள்ளேயே வெட்டுப்பட்டு நின்றுவிடுகின்றன. க்கும் இல்லை, ப்பும் இல்லை. கேன்டனீஸ்காரன் இப்படி முழுங்கமாட்டான். ஹக்காக்காரனும் மாட்டான்.

பூ வாடிவிட்டது. மேசையிலேயே வைத்துவிட்டேன்.

டிசம்பர் 18, புதன்

பெக் ஹூனைக் கூப்பிட்டுக் கேட்டேன். எக்ஸ்சேஞ்சில் எனக்குப் பக்கத்து நாற்காலி, அசல் ஹொக்கியன், இப்போது மலாக்காவில் மகள் வீட்டில் இருக்கிறாள். லிம் குடும்பம் சீனாவின் ஹொக்கியன் மாநிலத்திலிருந்து வந்தது, அப்புறம் என்ன, ஹொக்கியன்தான் என்று அடித்துச் சொன்னாள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவனெல்லாம் தமிழன்தானா, தெலுங்குக்காரன் வரவில்லையா என்று கேட்டேன். உடனே தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

வாணியிடம் சொல்லிவைத்திருந்தேன், அந்த மனிதர் நிதானமாகப் பேசுவதைக் கொஞ்சம் கேட்க வேண்டும் என்று. ஹான் செங் கைப்பேசியில் பதிந்து அனுப்பியிருக்கிறான். அப்பா, சித்தியவானில் இருக்கும் தன் அக்காவோடு பேசும்போது பக்கத்தில் வைத்துப் பிடித்ததாம்.

என்ன பேசுகிறார் என்று நான் கேட்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் முதல்நாளே சொல்லிக்கொடுத்த விதி: எண்ணைக் கேள், பேச்சைக் கேட்காதே. லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் காது. அடுத்தவர் வீட்டு விஷயம் நமக்கு எதற்கு?

பத்து தடவையாவது போட்டுக் கேட்டிருப்பேன். மூன்று, நான்கு, சாப்பிடு என்று வருகிற இடத்தில் எல்லாம் ஒரு விசித்திரமான "ஸ" வருகிறது. நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டிவைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் காற்றை விடுகிறார். "ல" சொல்ல வாயை வைத்துக்கொண்டு "ஸ" சொன்னால் வரும். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம். நான் முயற்சி செய்ததில் கண்ணாடி முழுக்க எச்சில் தெறித்தது.

டிசம்பர் 25, புதன்

விடுமுறை. பக்கத்து வீட்டு மேரி கேக் கொடுத்தாள். மறுபடி கேட்டேன், அந்தப் பதிவைத்தான்.

இன்னொன்று கண்டுபிடித்தேன். ஒரு சொல்லைத் தனியாகச் சொன்னால் ஒரு மாதிரி இருக்கிறது. அதே சொல் இன்னொன்றுக்குப் பின்னால் வந்து ஒட்டினால் அதன் முதலெழுத்து கரைந்து வேறாகிவிடுகிறது. இது எக்ஸ்சேஞ்சில் எப்போதாவது காதில் விழுந்த பூச்சோவ் சீனர்கள் செய்கிற வேலை, ஹொக்கியன்காரர்கள் செய்ய மாட்டார்கள். ஆனால் பூச்சோவில் அந்தக் காற்று இறங்கும் "ஸ" கிடையாது. சுருதி வேறு ஏறியும் இறங்கியும் எண்ணிப் பார்த்தால் ஏழுக்குக் குறையாது போலிருக்கிறது. பாதி அங்கே, பாதி இங்கே. இது என்ன சாதி சீனம் என்றே தெரியவில்லை.

பதிவில் ஓரிடத்தில் அவர் குரல் தாழ்ந்துபோய்க் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. லைன் கோளாறாக இருக்கும்.

ஜனவரி 5, ஞாயிறு

ஹான் செங்கே வந்துவிட்டான். பேசுவது பாதி மலாய், மீதி வாணியிடம் பொறுக்கிய தமிழ். தோசைக்கு மூன்று தடவை சட்னி கேட்டான், இருந்தும் நான் முகம் கொடுக்கவில்லை.

நான் கண்டுபிடித்ததையெல்லாம் சொன்னதும் பையன் வாயைப் பிளந்தான். அவர்கள் ஹெங்குவா. ஹொக்கியன் மாநிலத்துக் கடலோரத்தில் இரண்டே மாவட்டம். வடக்கே பூச்சோவ், தெற்கே ஹொக்கியன், நடுவில் இவர்கள். மொழி ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாவற்றையும் மின் என்ற ஒரே குடும்பத்தில் போட்டாலும், இதை இரண்டு பக்கமும் சேர்க்காமல் தனிக்கிளையாக வைக்கிறார்களாம். முதலில் தெற்கோடு ஒட்டியிருந்த பேச்சு, பிறகு வடக்குக்காரர்களோடு பழகிப் பழகி மாறிப்போனதாம். இந்த நாட்டில் ஆட்கள் குறைவு. வந்தவர்கள் முக்கால்வாசி சைக்கிள் தொழிலில் இறங்கினார்கள். வெளியே கேட்டால் ஹொக்கியன் என்றே சொல்லிவிடுவார்கள், விளக்கம் சொல்லி மாளாது என்று.

"எனக்குப் பாதிதான் புரியும் ஆண்டி. வீட்டுல மென்டரின் பேசி வளந்தேன். உங்க காது எங்க அப்பா காது மாதிரி" என்றான்.

முகம் கொடுக்காமல் இருப்பது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

உடனே பெக் ஹூனைக் கூப்பிட்டு ஹொக்கியன் இல்லை, ஹெங்குவா என்று சொன்னேன். சிரித்தாள். பேச்சு எப்படி இருந்தால் என்ன, சடங்கு சம்பிரதாயம் எல்லாம் எங்களுடையதுதான் என்றாள். அது சரியாகத்தான் இருக்கும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இந்த வருஷம் நமக்கு இல்லை. தீபாவளியும் இருக்கவில்லை. துக்க வீட்டுக்கு நாலு பேர் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். அவருடைய தம்பி குடும்பம் கோலாலம்பூரில் வேலையாக இருக்கிறதாம், அவர் அக்கா மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறதாம், அந்த நேரத்தில் இங்கே வரக்கூடாதாம். நல்லதுதான். பாத்திரம் கழுவுகிற வேலை மிச்சம்.

ரசம் வைத்தேன். பால் திரிந்துவிட்டது.

ஜனவரி 19, ஞாயிறு

ஊரெல்லாம் சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்குச் சிவப்பு ஏறிவிட்டது. லிம் கடை வாசலிலும் இரண்டு பக்கமும் நீளச் சிவப்புத் தாள். ஆனால் தாளின் தலைப்பில் ஒரு சாண் வெள்ளையாக விட்டிருக்கிறார்கள். சிவப்பு பற்றவில்லை போலிருக்கிறது. வருஷத்துக்கு ஒருநாள், அதிலுமா கஞ்சத்தனம்?

ஜனவரி 26, ஞாயிறு

வாணி ஓடிவந்து சொன்னாள். லிம் தவ்கே, அதுதான் கடை முதலாளி, பெருநாள் இரண்டாம் நாள் காலையில் நம் வீட்டுக்கு வருகிறாராம். அவரே சொன்னாராம். எதற்கு என்று ஹான் செங்குக்குச் சொல்லவில்லை. "இரண்டாம் நாள் போகணும், நான் மட்டும்தான் போகணும்" என்றாராம்.

எதற்காக இருக்கும்? பெக் ஹூனிடம் கேட்டதும் கூவினாள். இரண்டாம் நாள்தான் சம்பந்தி வீட்டு நாள், கட்டிக்கொடுத்த பெண் மாப்பிள்ளையோடு தாய் வீட்டுக்கு வருகிற நாள், அன்றைக்கு வருகிறார் என்றால் பெண் கேட்கத்தான் என்றாள். ஆரஞ்சு கொண்டுவருவார், நீயும் ஆரஞ்சு வைத்திரு என்றாள்.

மாம்பழ நிறம் உட்பட நான்கு பட்டு எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் சரியில்லை. அரக்குப் பட்டே போதும். எனக்கா கல்யாணம்?

ஜனவரி 29, புதன்

பெருநாள். ஊர் முழுக்க வெடி. கேசரிக்கு நெய் வாங்கினேன், முறுக்கு சுட்டேன், வாசலைக் கழுவிக் கோலம் போட்டேன். இடுப்பு விட்டுப்போய்விட்டது.

ஜனவரி 30, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

காலை பத்து மணிக்கு வேனில் வந்தார். தனியாக. சாம்பல் நிறச் சட்டை, பழைய கால்சட்டை. பெருநாளுக்கு இப்படியா? கையில் ஆரஞ்சு இல்லை. வெள்ளைத் தாளில் சுற்றிய மீகூன் சேமியாக் கட்டு ஒன்றும் ஊதுபத்தியும்தான். கோலத்தைப் பார்த்தார், என் அரக்குச் சேலையைப் பார்த்தார், தட்டில் அடுக்கியிருந்த வெற்றிலை பாக்கு பழத்தைப் பார்த்தார். வீடு மாறி வந்துவிட்டவர் மாதிரி விழித்தார்.

நான் ஹொக்கியனில் வாங்க என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். நேராக வாணி அப்பா படத்துக்கு முன்னால் போய் ஊதுபத்தி கொளுத்தி நின்றார். ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது அந்தக் காற்று இறங்கும் சத்தம் மட்டும். பிறகு உட்கார்ந்தார். வாணி கேசரி நீட்டினாள், கையால் வேண்டாம் என்றார். தண்ணீராவது என்றாள், அதுவும் வேண்டாம். கல்யாணம் என்று ஒரு வார்த்தை? இல்லை. பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கால் மணி நேரம் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாணி என்னைப் பார்க்கிறாள், நான் வாணியைப் பார்க்கிறேன்.

அப்புறம் எழுந்து வேனுக்குப் போனார். பின்கதவைத் திறந்து ஒரு சைக்கிளை இறக்கினார். பச்சை சைக்கிள். வாணி அப்பாவுடைய சைக்கிள். புது டயர், எண்ணெய் போட்ட சங்கிலி, மணிகூட மினுங்குகிறது. அதை என் கோலத்தின் மேல் நிறுத்தினார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. நல்ல காரியம் பேச வந்த நாளில், செத்துப்போன மனுஷன் சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவதா? இத்தனை மாதம் வைத்திருந்து, போலீஸ் வரை என்னை அலையவிட்டு? சுத்தமான ஹொக்கியனில், சுருதி பிசகாமல் சொன்னேன், கொண்டுபோங்க, இந்த வீட்டுக்கு இனி வராதீங்க என்று. அது அவருக்குப் புரிந்தது. முகத்தில் தெரிந்தது. சைக்கிளை எடுக்கவில்லை. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

"இந்தச் சம்பந்தம் வேணாம்டி" என்றேன். வாணி கேசரித் தட்டைக் கீழே வைத்தாள். மீகூன் கட்டை நான் குப்பைக்கூடையில் போட்டதைப் பார்த்தாள். அதை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

ஜனவரி 31, வெள்ளி

மத்தியானம் ஹான் செங் வந்தான். வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்று நானும் சொல்லவில்லை.

அப்பா நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, என்ன நடந்தது என்றும் சொல்லவில்லை, அதனால் சித்தியவான் அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டேன் என்றான். அத்தை அவனைத் திட்டித் தீர்த்தாளாம், இதுகூடத் தெரியாமல் ஹெங்குவா பிள்ளை என்று சொல்லிக்கொள்கிறாயா என்று. இரண்டாம் நாள் அவர்கள் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. சின்ன வயதிலிருந்து அப்படித்தான், அப்பாவுக்குக் களைப்பு என்று இவன் நினைத்திருந்தானாம். நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கடற்கொள்ளைக்காரர்கள் அவர்கள் நகரத்தைச் சூறையாடி ஊரையே வெட்டிப்போட்டார்கள். மலையில் ஒளிந்து பிழைத்தவர்கள் பெருநாள் இரண்டாம் நாள்தான் திரும்பி வந்து வீடு வீடாகப் பிணத்தைத் தேடினார்கள். அதிலிருந்து அந்த நாள் துக்கம் விசாரிக்கிற நாள். போன வருஷம் எந்த வீட்டில் சாவு விழுந்ததோ அந்த வீட்டுக்கு மட்டும்தான் போவார்கள். சிவப்புத் தாளின் தலைப்பில் வெள்ளை விடுவதும் அதற்காகத்தான்.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெற்றிலைத் தட்டு வைத்துப் பட்டுக் கட்டிக்கொண்டு நின்றவள் நான். துக்க வீட்டில் நம்மவர்கள் கேசரி தின்பார்களா? போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவார்களா? அந்த மனிதர் நாம் செய்கிற மாதிரியேதான் செய்தார். காது பெரிசு என்று பீற்றிக்கொண்டவளுக்குக் கண் எங்கே போனது?

அந்தப் பதிவை எடு என்றேன். அதில் என்ன பேசுகிறார் என்று கேட்டேன். அவன் திகைத்தான். "நீங்க சத்தம் மட்டும்தானே கேட்டீங்க ஆண்டி. நானும் கேக்காம அனுப்பிட்டேன்" என்றான். புரியாத இடமெல்லாம் அத்தையிடம் கேட்டுக் கேட்டு, அப்பா பேசியதை வரி வரியாகச் சொன்னான்:

தினமும் காலையில் ஒரு இந்தியக்காரர் கடைக்கு வருவார், காற்றடிக்க. காற்று நிறைய இருந்தாலும் வருவார். நான் காப்பி கொடுப்பேன். அவர் அவர் பாஷையில் பேசுவார், நான் என் பாஷையில் பேசுவேன். ஒருநாள் பெடல் சரியில்லை என்று சைக்கிளை விட்டுவிட்டு நடந்து போனார். அன்றைக்குச் சாயங்காலம்தான் என்னை நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். (துக்க வீட்டில் சொல்ல வேண்டாம் என்று நான்தான் மறைத்தேன் என்றான் ஹான் செங்.) திரும்பி வந்தால் அவர் இல்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, அக்கா. (இங்கேதான் அந்தக் கொஞ்ச நேரம் பேச்சு வராத இடம்.) அவர்கள் பெருநாளுக்குக்கூட அந்த வீட்டுக்கு யாரும் போகவில்லையாம், பையன் சொன்னான். சைக்கிளை அடுத்தவன் கையில் கொடுத்தனுப்பக் கூடாது. இரண்டாம் நாள் நானே போகிறேன். முதலில் சாவுக்குப் போக வேண்டும், அப்புறம்தான் கல்யாணத்துக்குப் போக வேண்டும். பெண்ணை நாலாம் நாள் கேட்கிறேன்.

டிசம்பரிலேயே என் கையில் இருந்த பேச்சு. உதடு எங்கே ஒட்டுகிறது, நாக்கு எங்கே படுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பேப்பர் வாங்கப் போகிறேன் என்றுதான் வாணி அப்பா தினமும் கிளம்புவார். பேப்பர் வாங்க ஒரு மணி நேரமா என்று நான் தினமும் திட்டுவேன்.

அழுதேன். ஹான் செங் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டான். உள்ளே வா என்றேன்.

போகிறபோது அவன் சொன்னது: பிணங்களைப் புதைத்து முடித்த பிறகு, நாலாம் நாள் இரவு அந்த ஊர்க்காரர்கள் விட்டுப்போன பெருநாளை மறுபடி கொண்டாடினார்களாம். இன்றைக்கும் ஹெங்குவா வீட்டில் பெருநாள் இரண்டு தடவை.

பிப்ரவரி 1, சனி

காலையில் தலைக்குக் குளித்தேன். நீலப் பருத்திச் சேலை. வாணி கூட வருகிறேன் என்றாள், நீ பின்னால் வா என்றேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு கிளம்பினேன். ஓட்டத் தெரியாது. பெடல் கெண்டைக்காலில் இடித்துக்கொண்டே வந்தது. பூக்கடைக்காரி என்னக்கா இது என்றாள், உருட்டிக்கொண்டே போனேன்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. முன்கதவு பாதி இறக்கியிருந்தது. உள்ளே சமையல் வாசனை. லிம் தவ்கே வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க ஹொக்கியனில் நல்ல வாக்கியமாகத் தயார்செய்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டுப் பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினேன். காற்று இறுக்கமாகத்தான் இருந்தது.

அவரும் அமுக்கிப் பார்த்தார். உள்ளே போய்ப் பம்பை எடுத்துவந்து, குந்தி உட்கார்ந்து, காற்று நிறைந்த சக்கரத்துக்குக் காற்றடித்தார். முன்சக்கரத்துக்கும் அடித்தார். நான் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாணி அப்பா தினமும் உட்கார்ந்த முக்காலியாக இருக்கும்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரே நேராக நின்று நிதானமாகப் பேசினார். ஹான் செங்கும் வாணியும் வாசலில் நின்றிருந்தார்கள்.

"அப்பா வாணியக் கேக்குறாங்க ஆண்டி" என்றான் பையன்.

என் வாசப்படி ஏறி வந்து கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஏறித்தான் வந்தார். தலையை ஆட்டினேன். வாணி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மேசையில் மீன், கோழி, சிப்பி போட்ட மீகூன். என் தட்டில் அவரே எடுத்து வைத்தார். பிறகு ஒரே ஒரு சொல் சொன்னார். டிசம்பர் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று நான் எச்சில் தெறிக்கச் சொல்லிப் பார்த்த சொல்தான்.

இந்தத் தடவை நாக்கு எங்கே படுகிறது என்று பார்க்கவில்லை. சாப்பிட்டேன்.